டர்பனிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்? வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் பள்ளி விடுமுறையை ஒட்டி வெளிநாட்டுப் பயணம் திட்டமிடும் வாசகர்கள் பலர் விமானத் தொலைவையும் பயண நேரத்தையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. அவருடைய பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். அந்த மண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது மாமியாரின் நெடுநாள் ஆசை என்பதால், டர்பனிலிருந்து சென்னைக்கு அவரை அழைத்துச் செல்ல இருக்கிறேன். தூரம் எவ்வளவு என்று தேடியபோது ஓரிடத்தில் 7,060 என்றும், ஓரிடத்தில் 4,390 என்றும், இன்னோரிடத்தில் 3,810 என்றும், பயண முகவர் தந்த தாளில் 9,500 என்றும் இருக்கிறது. இவற்றில் எது சரி? மேலும், சீட்டில் மாலை 7 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் பிற்பகல் 3.15 மணிக்குச் சேரும் என்று போட்டிருக்கிறார்கள். இருபது மணி நேரப் பயணத்தை அவரால் தாங்க முடியுமா? திரும்பி வருவதற்கு மட்டும் பன்னிரண்டே முக்கால் மணி நேரம் போல் தெரிகிறதே, அது எப்படி?
(வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: தாங்கள் கண்ட நான்கு எண்களும் சரியானவையே. முதல் மூன்றும் ஒரே தூரத்தைத்தான் சொல்கின்றன. டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 7,060 கிலோமீட்டர். அதையே சாலை மைலில் சொன்னால் 4,390, விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைலில் சொன்னால் 3,810. சாலை மைல் ஒன்று 1.609 கிலோமீட்டர், கடல் மைல் ஒன்று 1.852 கிலோமீட்டர். அளவைப் பெயரைப் போடாமல் வெறும் எண்ணை மட்டும் காட்டுவது பல இணையப் பக்கங்களின் வழக்கம். அதனால் இத்தகைய குழப்பம் நேர்வது இயல்புதான். எந்த எண்ணைக் கண்டாலும் அதன் பக்கத்தில் எந்த அளவை எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

நேர்கோட்டுத் தொலைவு என்பது சுவரில் மாட்டிய வரைபடத்தில் அளவுகோல் வைத்து வரையும் கோடு அன்று. ஒரு தேங்காயின் மேல் இரண்டு புள்ளிகள் வைத்து அவற்றுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நூல் எந்த வழியாகப் படிகிறதோ, அதுவே உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வழி. அப்படி இழுத்தால், டர்பனிலிருந்து புறப்படும் கோடு மொசாம்பிக் கால்வாயைத் தாண்டி மடகாஸ்கரைக் குறுக்கே கடக்கும். பிறகு இந்தியப் பெருங்கடலின் மேல் நெடுந்தூரம் சென்று, மாலத்தீவின் வடமுனையை ஒட்டி, ஆலப்புழைப் பக்கம் கேரளக் கரையைத் தொட்டு, சென்னையை அடையும். இந்த வழியில் ஒரு விமானம் நிற்காமல் பறந்தால் ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்தில் மாமியார் சென்னையில் இறங்கிவிடுவார். ஆனால் டர்பனுக்கும் சென்னைக்கும் இடையே நேரடி விமான சேவை கிடையாது. தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மும்பைக்கு நடத்திவந்த நேரடி சேவையும் 2015-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. டர்பன் இருக்கும் இந்த மாகாணத்தில் இத்தனை தமிழர் வாழ்ந்தும் இன்னும் இப்படி இருப்பது எனக்கு வருத்தம் தருவது. எனினும் விமான நிறுவனத்தின் கணக்கில் ஆண்டு முழுவதும், வாரம் தவறாமல், இருக்கைகள் நிரம்புமா என்பதே கேள்வி. விடுமுறையில் மட்டும் திரளும் கூட்டம் அதற்குப் போதாது.

அதனால்தான் நான்காவது எண் வருகிறது. டர்பனிலிருந்து துபாய் ஏறத்தாழ 6,600 கிலோமீட்டர், துபாயிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், ஆக 9,500. தோஹா வழியாகச் சென்றால் இதைவிடச் சற்றுக் கூடும். ஜோகன்னஸ்பர்க் சென்று அங்கிருந்து அடிஸ் அபாபா வழியாகச் சென்றால் 9,000 அளவில் நிற்கும். வரைபடத்தில் பார்த்தால் மொரிசியஸ் வழியே மிகச் சிக்கனமானது. டர்பன், மொரிசியஸ், சென்னை என்று கூட்டினால் ஏறத்தாழ 7,300 கிலோமீட்டர்தான் வரும், நேர்கோட்டைவிட இருநூற்றைம்பது கிலோமீட்டர் மட்டுமே அதிகம். ஆயினும் கிலோமீட்டர் குறைந்த வழிதான் விரைவான வழி என்று எண்ணிவிடக் கூடாது. இடையில் இறங்கும் ஊரில் அடுத்த விமானம் அன்றைக்கே இருக்கிறதா, இரண்டு நாள் கழித்து வருகிறதா என்பதைப் பொறுத்தே பயண நேரம் அமையும். 2,500 கிலோமீட்டர் சுற்றிச் செல்வதற்கு ஆகும் கூடுதல் நேரம் மூன்று மணிதான். பொருந்தாத ஒரு இணைப்பு விமானம் ஒரு முழு நாளையே விழுங்கிவிடும்.

இனித் தங்கள் சீட்டைப் பார்ப்போம். சீட்டில் அச்சிடப்படும் நேரம் எப்போதும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். இந்தியக் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, துபாய்க் கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இந்த மூன்று நாடுகளிலும் கோடை, குளிர்காலம் என்று கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் இந்த வேறுபாடு ஆண்டு முழுவதும் ஒன்றுதான். மாலை 7 மணி முதல் மறுநாள் பிற்பகல் 3.15 வரை கடிகாரத்தில் இருபதேகால் மணி நேரம் தெரிகிறது. அதிலிருந்து மூன்றரை மணி நேரத்தைக் கழித்தால் மீதி பதினாறே முக்கால் மணி நேரம், அதுவே மாமியார் உண்மையில் பயணத்தில் இருக்கும் நேரம். அதிலும் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. துபாய் வரை எட்டேகால் மணி நேரம், அங்கே நாலரை மணி நேர இடைவேளை, பிறகு சென்னைக்கு நான்கு மணி நேரம்.

திரும்பும்போது இதே மூன்றரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். சென்னையில் அதிகாலை 4 மணிக்கு ஏறி அன்று மாலை 4.45-க்கு டர்பனில் இறங்குவது பன்னிரண்டே முக்கால் மணி நேரப் பயணம்போல் தோன்றும். உண்மையில் அது பதினாறேகால் மணி நேரம். மேற்கு நோக்கி வரும்போது கடிகாரம் தரும் இந்தத் தோற்றத்தை நம்பி, இறங்கிய அன்றைக்கே விருந்தினர் வருகைக்கு நாள் குறித்துவிடாதீர்கள். உடலின் கணக்கில் அப்போது இரவு எட்டேகால் மணி, அதுவும் விடியலுக்கு முன்பே எழுந்த ஒரு நாளின் இரவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீட்டில் உள்ள நேரம் விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து சேருமிடத்து வாயிலில் நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், முறைக்காகக் காத்திருப்பதும், இறங்குமுன் வானில் வட்டமிடுவதும் அதில் அடங்கும். உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு, இவற்றையெல்லாம் சேர்த்துச் சராசரி 800 என்று வைத்துக்கொள்ளலாம். 6,600-ஐ 800-ஆல் வகுத்தால் எட்டேகால் வருகிறது, தங்கள் சீட்டில் இருப்பதும் அதுதான். குறுகிய தூரத்துக்கு இந்தக் கணக்கு அவ்வளவு பொருந்தாது. ஏறி இறங்கும் நேரத்தின் பங்கு அங்கே கூடுதலாக இருப்பதால்தான் துபாய்–சென்னைக்கு நான்கு மணி நேரம் ஆகிறது.

எழுபத்தெட்டு வயதில் இந்தப் பயணத்தைத் தாங்க முடியுமா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பயணத்தின் பக்கத்திலிருந்து நான் சொல்லக்கூடியது, சீட்டு வாங்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவையுங்கள், இடைவழி இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை எழுப்பி நடக்க வையுங்கள். சென்னையில் இறங்கியபின் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டிகளுக்கும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வேலூர்ப் பக்கம் செல்வதானால் சாலையில் இன்னும் மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் முதல் இரவைச் சென்னையிலேயே கழிப்பது நல்லது. முதன்முதலாக ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைய ஐந்து வாரம் எடுத்துக்கொண்டது. அவருடைய பாட்டனாரும் அப்படி வாரக்கணக்கில் கடலில் வந்தவராகவே இருப்பார். அதே வழியை மாமியார் ஒரு நாளுக்கும் குறைவான நேரத்தில் திரும்பிக் கடக்கப் போகிறார் என்பதை எண்ணும்போது எனக்கு மனம் நிறைகிறது.

கேள்வி: என் மகள் பெர்த் நகரில் இருக்கிறாள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அங்கே போக ஒன்பதேகால் மணி நேரமும் திரும்ப பதினொரு மணி நேரமும் ஆகிறது. தூரம் ஒன்றாக இருக்க நேரம் மட்டும் ஏன் மாறுகிறது? பூமி சுழல்வதாலா?
(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: பூமி சுழன்று பெர்த்தை விமானத்தை நோக்கிக் கொண்டுவருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் கிழக்கே சுழலும் பூமியில் பெர்த் விமானத்தைவிட்டு விலகிச் செல்ல வேண்டும், போகும் பயணமே நீள வேண்டும். தாங்கள் கண்டிருப்பது அதற்கு நேர்மாறானது. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அந்தச் சுழற்சி விமானத்துக்கு நேரடியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. காரணம் காற்றுதான். தெற்கு அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விசையோடு ஓடும் ஜெட் காற்றோட்டம் இருக்கிறது.

ஜோகன்னஸ்பர்க்குக்கும் பெர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 8,300 கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பின்னாலிருந்து தள்ளினால், 900 கிலோமீட்டர் வேக விமானம் தரையைப் பொறுத்தவரை ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். எதிர்த்து வரும்போது 800-க்குத்தான் செல்லும். வகுத்துப் பார்த்தால் எட்டேகால் மணிக்குச் சற்று மேல் ஒரு புறமும் பத்தரை மணியை ஒட்டி மறுபுறமும் வரும். ஏறி இறங்கும் நேரத்தையும் ஊர்ந்து செல்லும் நேரத்தையும் சேர்த்தால் தங்கள் சீட்டிலுள்ள எண்களுக்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். நம்முடைய குளிர்காலத்தில் இந்தக் காற்று வலுப்பெறுவதால் ஜூலையில் போகும் பயணம் இன்னும் சுருங்கவும் வரும் பயணம் இன்னும் நீளவும் கூடும்.

இந்த வழியின் வடிவமும் கவனிக்கத்தக்கது. ஜோகன்னஸ்பர்க் 26 பாகைத் தெற்கிலும் பெர்த் 32 பாகைத் தெற்கிலும் இருக்கின்றன. ஆனால் மிகக் குறுகிய வழி ஏறத்தாழ 38 பாகைத் தெற்கு வரை வளைந்து இறங்குகிறது. சிட்னிக்குச் செல்லும் 11,000 கிலோமீட்டர் வழியோ இன்னும் கீழே, 50 பாகையைத் தொட்டு வருகிறது. போகும் விமானி வலுவான காற்றைத் தேடிச் சென்று அதில் ஏறிக்கொள்வார், வரும் விமானி அதை விலகிச் செல்வார். ஆகவே போன வழியிலேயே விமானம் திரும்பி வருவதில்லை, இருக்கைத் திரையில் காட்டும் வரைபடத்தைக் கவனித்தால் இது தெரியும். இந்தத் தென்கடலில் அவசரத்துக்கு இறங்க விமான நிலையங்கள் மிக அரிது என்பதால், இரண்டு எஞ்சின் விமானங்கள் குறிப்பிட்ட மணி நேரத் தொலைவுக்குள் ஏதேனும் ஒரு நிலையம் இருக்கும்படி தங்கள் வழியை அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆளரவமற்ற அந்தக் கடற்பரப்பைத்தான் ராக்கெட் பாகங்கள் விழும் இடமாகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் பாகங்கள் அங்கே விழவிருந்ததால் ஆஸ்திரேலியாவின் குவாண்டஸ் விமான நிறுவனம் ஜோகன்னஸ்பர்க் விமானங்கள் சிலவற்றைத் தாமதமாக அனுப்ப நேர்ந்தது.

கடிகாரத்தைப் பொறுத்தவரை பெர்த் நம்மைவிட ஆறு மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவு 11.45-க்குப் பெர்த்தில் ஏறினால் அதிகாலை 4.45-க்கு ஜோகன்னஸ்பர்க்கில் இறங்குவீர்கள். கடிகாரத்தில் ஐந்து மணி நேரம், உடலுக்குப் பதினொரு மணி நேரம்.

கேள்வி: நிறவெறி ஆட்சிக் காலத்தில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து லண்டனுக்குச் சென்ற விமானம் கடலிலேயே சுற்றிப் போனதாக என் தந்தையார் சொல்வார். இது உண்மையா?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: முற்றிலும் உண்மை. 1963-இல் ஆப்பிரிக்க நாடுகள் பல, நிறவெறி அரசின் விமான நிறுவனமான தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் தங்கள் வான்வெளியில் பறப்பதைத் தடை செய்தன. அதன்பின் அந்த நிறுவனத்தின் விமானங்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் புடைத்த பகுதியைச் சுற்றி, அட்லாண்டிக் கடலின் மேலாக, வெர்டே முனைத் தீவுகளில் ஒன்றான சால் தீவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஐரோப்பா செல்ல வேண்டியதாயிற்று. லண்டனுக்கு நேர்வழி ஏறத்தாழ 9,070 கிலோமீட்டர். சால் தீவு வழியாகச் சென்றால் குறைந்தது 2,500 கிலோமீட்டர் கூடும், அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல், தரையில் நிற்கும் நேரம் தனி. இந்தச் சுற்றைக் குறைந்த நிறுத்தங்களோடு கடக்கவே நெடுந்தூரம் பறக்கும் போயிங் 747எஸ்பி விமானங்களை 1976-இல் அவர்கள் வாங்கினார்கள். மற்ற நாட்டு விமானங்கள் ஆப்பிரிக்காவின் மேல் நேராகவே பறந்து வந்தன என்பதால், அக்காலத்தில் ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையே நிறுவனத்தைப் பொறுத்து இரண்டு தூரங்கள் இருந்தன. அந்தக் கூடுதல் கிலோமீட்டர்கள் ஒரு நியாயமான தண்டனையின் அளவு என்றே நான் கருதுகிறேன்.

நம் மக்களுக்கு இந்தியா இன்னும் தொலைவாகவே இருந்தது. 1946-இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடனான வணிக உறவைத் துண்டித்தபின், தாய்நாடு சென்றுவர விரும்பியோர் பெரும்பாலும் நம்பியிருந்தது பம்பாய்க்கும் டர்பனுக்கும் இடையே கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களைத் தொட்டு ஓடிய கரஞ்சா, கம்பாலா ஆகிய கப்பல்களை. சென்னை செல்வோர் பம்பாயில் இறங்கி ரயிலில் மேலும் ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது.

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நெடுந்தூரம் செல்லும் விமானங்கள் சில, இருக்கைகள் காலியாக இருந்தும் பயணிகளையும் சரக்கையும் விட்டுச் செல்வது ஏன்?
(வாசகி, லெனேசியா)

பதில்: உயரம்தான் காரணம். ஓ.ஆர். டாம்போ விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு, வெயில் காலப் பிற்பகலில் இன்னும் குறைவு. இறக்கை தூக்குவதும் எஞ்சின் இழுப்பதும் காற்றை நம்பியே என்பதால், 4,400 மீட்டர் நீள ஓடுபாதை இருந்தும், முழு எரிபொருளோடும் முழுச் சுமையோடும் எழும்புவது மிகத் தொலைதூர விமானங்களுக்குக் கடினம். எரிபொருளைக் குறைக்க முடியாது, ஆகவே சுமை குறைகிறது. நெடுந்தூர விமானங்கள் வெப்பம் தணிந்த மாலையிலும் இரவிலும் புறப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். டர்பனில் நிலைமை வேறு. 2010 மே முதல் நாள் திறக்கப்பட்ட கிங் ஷாகா நிலையம் கடற்கரையை ஒட்டித் தாழ்வான இடத்தில் இருக்கிறது, அதன் ஓடுபாதை 3,700 மீட்டர். நகரின் தெற்கே இருந்த பழைய நிலையத்தின் ஓடுபாதை 2,400 மீட்டர் அளவுதான் என்பதால் பெரிய விமானம் முழுச் சுமையோடு அங்கிருந்து எழும்ப இயலாதிருந்தது.

கேள்வி: நாங்கள் தஞ்சாவூர் செல்ல வேண்டும். துபாய் வரை ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து திருச்சிக்கு இன்னொரு மலிவு விலை நிறுவனத்திலும் தனித்தனியாகச் சீட்டு வாங்கினால் பணம் மிச்சமாகிறது. இடையில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. போதுமா?
(வாசகர், டோங்காட்)

பதில்: போதாது. இரண்டு பயணங்களும் ஒரே சீட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது, பெட்டிகளும் நேராகச் சேருமிடத்துக்குச் செல்லும். தனித்தனிச் சீட்டானால், இரண்டாவது நிறுவனத்தின் கண்ணில் தாங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும், அதற்கு அந்நாட்டு விசா தேவைப்படும். மேலும் எமிரேட்ஸ் விமானம் டெர்மினல் 3-இல் இறங்கும். மலிவு விலை நிறுவனங்கள் பல பயன்படுத்தும் டெர்மினல் 2 ஓடுபாதைகளுக்கு மறுபுறம் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து செல்ல வழியில்லை.

திருச்சியில் இறங்குவது தஞ்சாவூருக்கு மிக வசதி என்பதை மறுக்கவில்லை, அங்கிருந்து சாலையில் அறுபது கிலோமீட்டருக்கும் குறைவுதான். தனிச்சீட்டுதான் வேண்டும் என்றால் துபாயில் ஓர் இரவு தங்கும்படி, விசாவோடு திட்டமிடுங்கள். அப்போது விடுதிச் செலவையும் விசாக் கட்டணத்தையும் சேர்த்து மிச்சம் உண்மையில் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். சிறு குழந்தைகள் உடன் வருவதாயிருந்தால் என் பரிந்துரை வேறு. சென்னை வரை ஒரே சீட்டில் சென்று, இரவு தங்கி, மறுநாள் காலை எழும்பூரிலிருந்து ரயிலேறுங்கள். திருச்சிக்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகும், தஞ்சாவூருக்கே நேராகச் செல்லும் ரயில்களும் உண்டு. ரயில் சீட்டைச் சில வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள், பொங்கலை ஒட்டிய நாள்களில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது அரிது.